கீழ்வீட்டு ராஜதந்திரம்

ஜூன் 3, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டி இன்றும் நிரம்பி வழிந்தது. மோட்டார் போட்டவள் சுகந்தி. ஓடிவந்து நிறுத்தியது நான். அவள் சுவிட்சைத் தட்டிவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விடுவாள். கீழே நான்தான் இருக்கிறேனே, சும்மா.

அந்தச் ‘சும்மா’வுக்காகத்தான் இந்த நோட்டைத் தொடங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பவானியில் ஒரு வளைகாப்பு. பந்தியில் யாரோ கேட்டார்கள், உங்கள் வீட்டுப் பெரியவரை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. சுகந்தி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி சென்னியப்பனின் மனைவி. முப்பத்தெட்டு வயது, ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். இருபது பேர் காதில் விழும்படி சொன்னாள்: “அதுக்கென்னங்க, அக்கா வீட்டுல சும்மாதான இருக்காங்க, பாத்துக்குவாங்க.”

எல்லோரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் குழந்தைவேலும் ஆட்டினார், வாயில் ஜாங்கிரியோடு.

மாமாவுக்குக் காலை ஆறு மணிக்குச் சுக்குக்காப்பி. எட்டு மணிக்கு மூன்று மாத்திரை. வெந்நீர், துண்டு, சவரம். பத்து மணிக்குக் கம்பங்கூழ். எழுபத்தொன்பது வயது மனிதர், முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக நின்றே வேலை பார்த்தவர், இப்போது உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். போன ஜூலையில் அத்தை இறந்ததிலிருந்து எல்லாம் என் தலையில். இதற்குப் பெயர் சும்மா.

ஜூன் 5, வியாழன்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்திலிருந்து போன். அவர்களுக்கு வரலாற்றுப் பாடக் குறிப்புகள் எழுதிக் கொடுக்கிறேன், நான்கு வருடமாக. என் எம்.ஏ. பட்டத்துக்கு ஈரோட்டில் கிடைத்த ஒரே மரியாதை அது. இதுவும் வீட்டில் யாருக்கும் வேலையாகத் தெரியாது, ஏனென்றால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்கிறேன்.

இந்த மாத அத்தியாயம் மறுமலர்ச்சிக் கால இத்தாலி. ஓவியம், சிற்பம் எல்லாம் போன மாதமே முடித்தாகிவிட்டது. இப்போது அரசியல். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒவ்வொரு நகரமும் ஒரு தனி அரசு, ஒவ்வொரு அரசனுக்கும் பக்கத்தில் ஓர் ஆலோசகர், எப்படி ஆளவேண்டும் என்று எழுதிக்கொடுக்க. மாணவர்களுக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி. படித்துக்கொண்டே போனால் எங்கள் வீட்டுப் படம் மாதிரி இருக்கிறது. கீழே ஓர் அரசு, மேலே ஓர் அரசு, நடுவில் பதினெட்டுப் படி.

ஜூன் 8, ஞாயிறு

நாற்பத்தொன்பது வயது வரைக்கும் நான் செய்த தப்பு இன்றுதான் தெளிவாகப் புரிந்தது. நல்லது செய்துகொண்டே இருந்தால் ஊர் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அந்த ஆலோசகர்கள் இதைச் சிரித்துத் தள்ளுகிறார்கள். அவர்கள் கணக்கில் செய்வது பாதிதான், செய்ததாகத் தெரிவது மீதி. நாள் முழுக்க உழைத்துவிட்டு அறைக்குள் இருக்கிற அரசனைவிட, திருவிழா அன்றைக்கு மட்டும் குதிரையேறி வருகிறவனைத்தான் சனம் வாழ்த்தும்.

சுகந்தி குதிரையேறி வருகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மாமாவுக்கு நகம் வெட்டிவிடுவாள், அதையும் வாசலில் உட்காரவைத்து வெட்டுவாள்.

இட்லிக்கு ஊறப்போட்டேன்.

ஜூன் 11, புதன்

கோபியில் இருக்கும் நாத்தனார் தெய்வானை போன் செய்தார். வழக்கமாகச் சுகந்தியைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு, பிறகு நானே கெட்டவளாக நிற்பேன். இன்று முறையை மாற்றினேன்.

“சுகந்தி எப்படி இருக்குது?” என்றார்.

“நெம்ப நல்ல புள்ளைங்க அண்ணி. என்ன, கடையும் போனுமே அதுக்குச் சரியா இருக்குது. நேத்து அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்தே போயிட்டுது. நாந்தான் மேல போயி நிறுத்துனேன். பாவம், அது என்ன பண்ணும்.”

“அவ்வளவு மறதியா?” என்றார்.

“சின்னப்புள்ளை தானுங்க” என்றேன்.

பாராட்டு மாதிரியே இருந்தது. மதியம் சுண்டைக்காய்க் குழம்பு ஒரு கிண்ணம் மேலே கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 14, சனி

மாமாவை ஆட்டோவில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரமாகவே ஒரு மாதிரி இருந்தார். செருப்பைப் பிரிட்ஜுக்குள் வைத்திருந்தார். அத்தை எங்கே என்று கேட்டார், நான் படத்தைக் காட்டினேன், “இது யாரு படம்?” என்றார்.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார், கேள்விகள் கேட்டார். இது என்ன வருடம் என்றதற்கு மாமா என் முகத்தைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

“மறதி நோய்ம்மா. ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியாச்சு” என்றார் டாக்டர். “இனிமே தனியா வெளிய விடவே கூடாது. கேட்டைப் பூட்டி வைங்க. வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் விவரமாச் சொல்லிருங்க. ஒருத்தருக்குத் தெரியாம இருந்தாலும் ஆபத்து.”

சரி என்றேன். திரும்பும்போது மாமா ஆட்டோக்காரரிடம் “ரைட், போலாம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேலிடம் சொல்ல வாயெடுத்தேன். இவரிடம் சொன்னால் அடுத்த நிமிடம் தம்பிக்குப் போகும். தம்பியிடமிருந்து சுகந்திக்கு. நாளைக்கே அவள் கடை முழுக்க, சொந்தம் முழுக்க, “எங்க மாமாவுக்கு இப்படி ஆயிருச்சு, நாந்தான் பாத்துக்கறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். கூட்டிப்போனது நான், அழுதது அவள் என்று ஆகும்.

ஜூலை 6 அத்தையின் வருடத் திதி. கோபியிலிருந்து, பவானியிலிருந்து எல்லோரும் வருவார்கள். அன்றைக்கு, எல்லோரும் கூடியிருக்கும்போது, ரிப்போர்ட்டை எடுத்து வைத்து நான் சொல்வேன். தன்னந்தனியாகத் தூக்கிச் சுமந்திருக்கிறேன் என்று அப்போது தெரியட்டும். இன்னும் இருபத்திரண்டு நாள். நான் மறைக்கவில்லை. நாள் குறித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

“என்ன சொன்னாரு டாக்டரு?” என்றார் இவர். ஸ்கேன் கவரோடு ஆட்டோவில் இறங்கியதைப் பார்த்துவிட்டார்.

“வயசானா வர்றதுதானாம்.”

“அதான பாத்தேன்” என்று டிவியைப் போட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

கேட்டுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். ஒரு சாவி எனக்கு, ஒன்று மேலே.

“எதுக்குங்க்கா பூட்டு?” என்றாள் சுகந்தி.

“தெருநாய் உள்ள வருது. போறப்ப வர்றப்பப் பூட்டிரு.”

“சரிங்க்கா.”

பூட்டச் சொன்ன டாக்டர் பேச்சைக் காப்பாற்றிவிட்டேன். மையத்துக்கு அத்தியாயம் அனுப்பியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

சுகந்தி மாமாவை ஸ்கூட்டியில் வைத்து வ.உ.சி. பூங்கா வரை கூட்டிப்போய் வந்தாள். திரும்பி வரும்போது மாமா சிரித்துக்கொண்டே இறங்கினார். ஒரு வருடமாக என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

“அக்கா, மாமா இன்னிக்கு என்னைய ‘லட்சுமி’ன்னு கூப்புட்டாங்க” என்றாள். லட்சுமி, அத்தையின் பெயர். “பாவம், அத்தை நெனப்பாவே இருக்காங்க.”

அப்போதே சொல்லியிருக்கலாம். உண்மையாகவே சொல்லத் தோன்றியது. ‘அது நினைப்பு இல்லை சுகந்தி, வேறு’ என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவள் மாமாவின் வேட்டியைச் சரிசெய்துவிட்டு, “இப்புடி வெளிய கூட்டிட்டுப் போனாத்தானுங்க்கா அவிய நல்லா இருப்பாங்க. வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா யாருக்குத்தான் நெனப்பு நிக்கும்?” என்றாள்.

எனக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

புளி ஒரு கிலோ, கடலைப்பருப்பு, திதிக்கு வாழை இலைக்குச் சொல்லவேண்டும்.

ஜூன் 26, வியாழன், மதியம் 1 மணி

மாமாவைக் காணோம்.

அதே நாள், மாலை

நான் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் நாற்காலி காலி. வீடு, மாடி, கக்கூஸ், பக்கத்து வீடு. கேட் பூட்டித்தான் இருந்தது. அதனால் உள்ளேதான் எங்கோ இருக்கிறார் என்று அரை மணி நேரம் தேடினேன். அந்த அரை மணி நேரம்.

பிறகு சுகந்திக்குப் போன் செய்தேன்.

“நாங் கடைக்குக் கெளம்பறப்போ கேட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தாங்க அக்கா. ‘பேப்பர் வாங்கிட்டு வந்தர்றேன் கண்ணு, தொறந்து உடு’ன்னாங்க. தொறந்து உட்டுட்டு, நாய் வருமேன்னு பூட்டிட்டு வந்தேன். ஏனுங்க்கா, இன்னும் வரலீங்களா?”

குழந்தைவேல், சென்னியப்பன், தெரு ஆட்கள் நாலைந்து பேர் வண்டியெடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. தெய்வானை நாத்தனார் ஐந்து மணி பஸ்ஸுக்கு வந்து இறங்கினார். ரிப்போர்ட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போலீஸ்காரர் உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டதால் கொடுக்கவேண்டியதாயிற்று.

குழந்தைவேல் அதை இரண்டு முறை படித்தார். “பதினாலாந் தேதியே தெரியுமா உனக்கு?”

“உங்களுக்கு பிபி. திதி முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்.”

“தனியா உடக்கூடாதுன்னு போட்டிருக்குது. அப்பறம் எப்புடிச் சுகந்தி கேட்டைத் தொறந்து உட்டுது?”

எல்லோரும் ஹாலில் நின்றுகொண்டிருந்தார்கள். நாத்தனார் என்னையும் சுகந்தியையும் மாறிமாறிப் பார்த்தார். சுகந்தி கடையின் நீலச் சேலையோடு அப்படியே ஓடிவந்திருந்தாள், காலில் செருப்பு இல்லை.

“அதுக்குச் சொல்லலியா நீ?” என்றார் இவர்.

சொன்னேன் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

கிடைத்துவிட்டார். சத்தியமங்கலம் பஸ் நிலையத்தில். நேற்று ஏதோ பஸ்ஸில் ஏறியிருக்கிறார், பயணிகளிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார். தெரியாத பெரியவர், பாவம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சத்தியில் படிக்கட்டில் நின்றுகொண்டு, பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்கியிருக்கிறார், அந்தக் காலத்தில் இறங்குகிற மாதிரி. இடுப்பு எலும்பு. ஊர், பெயர் எதுவும் சொல்லத் தெரியவில்லை. இன்று காலை வயதான டிரைவர் ஒருவர் பார்த்து, “இது நம்ம நாச்சிமுத்து அண்ணனாச்சே” என்று ஈரோட்டு டிப்போவுக்குப் போன் செய்திருக்கிறார்.

ஜூன் 28, சனி

வியாழக்கிழமை எழுதாமல் விட்டதை எழுதவேண்டும். சொன்னேன் என்றதும் சுகந்தி என்னைப் பார்த்தாள்.

“அக்கா, நாய்க்குன்னுதான பூட்டச் சொன்னீங்க?”

“அது பூட்டு வாங்குன அன்னிக்கு. அப்பறம் மாடிப்படிக்கிட்ட நின்னு சொன்னனே. நீ போன் பாத்துட்டிருந்த.”

எவ்வளவு சரளமாக வந்தது. மாடிப்படி, போன், எல்லாம் ஏற்கெனவே எங்கோ எழுதி வைத்திருந்த மாதிரி.

“அடுப்புல பாலை வெச்சே மறக்கறவ” என்றார் நாத்தனார் மெதுவாக. நான் அவரைப் பார்க்கவில்லை.

சென்னியப்பன் அடிக்கவில்லை. கையிலிருந்த ஹெல்மெட்டைச் சுவரில் எறிந்தான். “எங்கப்பனைக் கொல்லறதுக்குன்னே வந்தியாடி?” என்றான்.

ஜூலை 1, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. இடுப்பில் பிளேட். இனி நடப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை, நடக்கமாட்டார் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

திதி. ஐயர் வந்தார், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். இலை முப்பது சொல்லியிருந்தேன், பதினொன்றுதான் விழுந்தது. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ ஒருத்தி இருந்ததால டாக்டரைப் பாத்த, இல்லைன்னா அதுவும் தெரிஞ்சிருக்காது” என்றார் பவானிப் பெரியம்மா. “எத்தனை நாளாத் தனியாச் சொமந்தயோ.”

நான் நினைத்த வார்த்தையே. சுகந்தி பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் பேசவில்லை. பாயசம் அவளுக்கு எடுத்து வைக்கவும் யாரும் சொல்லவில்லை. எடுத்து வைத்திருந்தேன், கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஜூலை 9, புதன்

மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஹாலில் கட்டில். ரெக்சின் விரிப்பு, பெட்பேன்.

மாலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சுகந்தி வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இளைத்துவிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தயாராகவும் இருந்தேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மாடிப்படிக்கிட்ட நெசமாவே சொன்னீங்களா?”

“ஏன், பொய் சொல்றேங்கறயா?”

“ஐயோ, இல்லீங்க்கா.” ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்துக்கொண்டே இருந்தாள். “நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். ஒரு தடவை நெனச்சா நீங்க சொல்லவே இல்லாத மாதிரி இருக்குது. இன்னொரு தடவை நெனச்சா, நீங்க படியில நிக்கறீங்க, எதோ சொல்றீங்க, நான் தலையாட்டறேன். நேத்து கடைல ஒருத்தரு பில்லை ரெண்டு தடவை போட்டுட்டேன். எனக்கு என்னமோ ஆயிருச்சோன்னு பயமா இருக்குதுக்கா. நீங்க சொன்னா நம்பிக்கறேன். சொன்னீங்களா?”

“சொன்னேன்” என்றேன்.

“அப்பச் செரி” என்று எழுந்து போனாள்.

அரைக்கீரை. கடைந்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சுகந்தி வேலையை விட்டுவிட்டாள். யாரும் விடச் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்கே கீழே வந்து, நான் எழுந்திருப்பதற்குள் மாமாவுக்கு வெந்நீரில் துடைத்து, விரிப்பு மாற்றி, கூழும் கொடுத்துவிடுகிறாள். நான் செய்கிறேன் என்றால், “நீங்க இத்தனை நாள் பாத்தீங்கல்லக்கா, இனி நாம் பாக்கறேன்” என்கிறாள். திட்டுகிற குரல் இல்லை. தண்டனை அனுபவிக்கிறவளின் குரல்.

மாமா அவளைச் சில நேரம் லட்சுமி என்கிறார், சில நேரம் திட்டுகிறார். நேற்று முகத்தில் துப்பினார். துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டி ஊட்டினாள்.

எதிரியை முழுக்க வென்றுவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அந்த ஆலோசகர்கள் எழுதியிருப்பார்கள். தேடிப்பார்க்கவில்லை. எனக்கு நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

சென்னியப்பன் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தது அடுக்களை வரை கேட்டது. ஆடி முடிந்ததும் சுகந்தியைப் பெருந்துறைக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறானாம். “அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு சத்தி பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வருது.” இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “யோசிச்சுச் செய்யி” என்றார்.

இவர் தம்பியின் கல்யாணத்துக்கு நான்தான் பெண் பார்த்துச் சொன்னேன். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

சுகந்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மொட்டைமாடிக்குப் போனதும் கிட்டே வந்தாள்.

“அக்கா, சனிக்கிழமை ஒரு எடத்துக்கு வர்றீங்களா? மாமாவைப் பாத்தாரே, அந்த டாக்டருகிட்ட எனக்கு டோக்கன் போட்டிருக்கறேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பாத்தரலாம்னு. முப்பத்தெட்டு வயசுலயும் வருமாம், போன்ல பாத்தேன். அவருக்குத் தெரிய வேண்டாம். ஏற்கெனவே அனுப்பறேங்கறாரு, இதுவும் தெரிஞ்சா அவ்வளவுதான். எனக்கு வேற யாரும் இல்லீங்க்கா. நீங்க மட்டும் வாங்க.”

வருகிறேன் என்றேன்.

ஜூலை 26, சனி

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள், பயந்தவர்கள் பேசுகிற மாதிரி. டோக்கன் பதினேழு. நாங்கள் போகும்போது ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது. கூடம் முழுக்க வயதானவர்கள், கூட்டிவந்தவர்கள். எதிர்வரிசையில் ஓர் அம்மாள் தன் கைப்பையைத் திறந்து திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். சுகந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தாள். மறதி எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி. சுகந்தி எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ‘ஜூன் மாதம். அக்கா சொன்ன முக்கியமான விஷயம் மறந்துவிட்டது.’ அழகான கையெழுத்து அவளுக்கு.

பதினான்கு. பதினைந்து.

“சுகந்தி” என்றேன். “நான் சொல்லலை.”

“என்னதுங்க்கா?”

“மாடிப்படியில நான் ஒண்ணுமே சொல்லலை. எங்கயுமே சொல்லலை. நாயின்னு மட்டுந்தான் சொன்னேன்.”

அவள் பேனாவின் மூடியைப் போட்டாள். பிறகு எடுத்தாள். மறுபடி போட்டாள்.

“ஏன்?” என்றாள்.

சொல்ல நிறைய இருந்தது. வளைகாப்புப் பந்தி, அந்தச் சும்மா, திதி, இருபது பேர் நடுவில் நான் எழுந்து நின்று பேசப்போகிற பேச்சு. வாயில் வைத்துப் பார்த்தால் எல்லாம் அவ்வளவு சிறியதாக இருந்தது. “எல்லாருக்கும் முன்னால சொல்லோணும்னு வெச்சிருந்தேன்” என்றேன்.

“அன்னிக்கு எல்லாரும் இருந்தாங்களே. அப்பச் சொல்லியிருக்கலாமே.”

நர்ஸ் பதினாறு என்று கூப்பிட்டாள்.

“ஒன்பதாந் தேதி கேட்டேன். கீரை ஆஞ்சுட்டிருந்தீங்க. என்ற மண்டையே கெட்டுப்போச்சோன்னு பயந்து வந்து கேட்டேன். என்ற மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்க.” குரல் உயரவே இல்லை. அந்தப் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பதினேழு என்றபோது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போவதற்குள் ஸ்கூட்டி கிளம்பிவிட்டது.

டவுன் பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்தால் எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். குழந்தைவேல், சென்னியப்பன். நாத்தனார் போனில், ஸ்பீக்கரில். மாமா கட்டிலில் விழித்துக்கொண்டிருந்தார். சுகந்தி சுவரோடு நின்றிருந்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க” என்றாள் என்னிடம். ‘அக்கா’ இல்லை. “சொன்னா, நாந்தான் தப்பிக்கறதுக்குச் சொல்றேம்பாங்க. நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். முதலிலிருந்து. நாய், பூட்டு, டாக்டர் சொன்னது, பால் பொங்கிய கதையை நாத்தனாரிடம் சொன்னதும்கூட. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

சென்னியப்பன் மனைவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் நாத்தனார் “பரிமளா” என்று என் பெயரை மட்டும் ஒரு தடவை சொன்னார், பிறகு கட் ஆகிவிட்டது, அல்லது கட் செய்தார். குழந்தைவேல் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜூலை 29, செவ்வாய்

இவர் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு போட்டு வைத்தால் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே காவிரிக்குப் போயிருந்தது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். சென்னியப்பனும் சுகந்தியும் இன்று மாறினார்கள். மூன்று தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. மாமாவையும் கொண்டுபோகிறார்கள். கட்டில், பெட்பேன், மாத்திரை டப்பா எல்லாம் ஆம்னி வேனில் ஏறின.

“அப்பாவை இங்கயே உடுங்க, நாம் பாத்துக்கறேன்” என்று சென்னியப்பனிடம் சொன்னேன்.

அவன் பதில் சொல்வதற்கு முன் சுகந்தி சொன்னாள்: “நீங்க ஒருதடவை பாத்ததே போதும்.”

அவளுக்கும் சென்னியப்பனுக்கும் நடுவில் இன்னும் சரியாகவில்லை என்று தெரிந்தது. அவன் தூக்கவந்த பெட்டியை அவள் கொடுக்கவில்லை. தானே தூக்கினாள். அதுவும் என் கணக்கில்தான்.

தொட்டி வழியவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுப் போக மாடியில் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சுகந்திக்குப் போன் செய்தேன். நான்கு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தாள்.

“மாமாவைப் பாக்க வரட்டுமா?”

பின்னால் குக்கர் விசில் கேட்டது. “ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வாங்க. நான் இருப்பேன். நான் இல்லாதப்ப வராதீங்க.”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கம்பங்கூழ் காய்ச்சி, மோர் ஊற்றி, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று தெரு நடக்க ஏழு நிமிடம். சிறிய வீடு, சுத்தமாக வைத்திருக்கிறாள். ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டிருக்கிறாள். தெரு தெரிகிறது, பஸ் போவது தெரிகிறது. எனக்கு இது தோன்றியிருக்கவில்லை.

மாமாவுக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. சவரம் செய்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்து, “எங்க போறீங்க அம்மணி?” என்றார்.

“இங்கதானுங்க” என்றேன்.

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சுகந்தி உட்காரவில்லை. கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலை கிடந்தது, வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது, பார்த்தேன். ஆனாலும் அறையை விட்டுப் போகவில்லை.

போசியைத் திறந்து கூழைக் கிண்ணத்தில் ஊற்றினேன். ஊட்டலாம் என்று கரண்டியை எடுத்தேன்.

“இங்க குடுங்க.”

கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் வைத்து விழுங்கினாள். பிறகு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தெருவில் ஒரு பஸ் வந்து, நின்று, போயிற்று. மாமா கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அவருக்கு ஊட்டினாள்.

சூடு பார்த்தாள் என்று எழுதலாம். கூழ் ஆறித்தான் இருந்தது.